வாட்ச் கட்டினால் பிள்ளை மெலியுமா?

எங்கள் ஊரான வாசுதேவநல்லூரின் மெயின் ரோட்டில் எந்த செல்போன் கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்மார்ட் வாட்ச் வரிசையாக இருக்கிறது. ஆயிரம் ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்குள் வாங்கிவிடலாம். வாலிபப் பையன்கள் ஸ்டைலுக்கு வாங்குகிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைக்காக அம்மாவும் அப்பாவும் வந்து கேட்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "எட்டாவதுதான் படிக்கா அண்ணாச்சி, அதுக்குள்ள அறுபத்தஞ்சு கிலோ. இதக் கட்டிவிட்டா நடப்பாளா?" கடைக்காரரும் மனசாரத்தான் பதில் சொல்கிறார்: "நல்லா நடப்பாக்கா. எத்தன ஸ்டெப்பு, எத்தன கலோரி எல்லாம் காட்டும். உங்க போன்லயே நீங்க பாத்துக்கிடலாம்."

கடைக்காரரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊரே சொல்வதைத்தான் அவரும் சொல்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் மாமா சொல்கிறார், பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கம் சொல்கிறது, சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். இந்தக் கருத்துக்குள் மூன்று படிகள் இருக்கின்றன. வாட்ச் காலடியைச் சரியாக எண்ணும். எண்ணிக் காட்டினால் பிள்ளை நடக்கும். அப்படி நடந்தால் எடை குறையும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் பதின்வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட உறுதியாக நிற்கவில்லை. வாட்ச் பயன்படாமல் போனால் காசு போனதோடு போகும். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பெற்றோரின் கவலை பொய்யில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2015-16ல் எடுக்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு எடை அளவுக்கு மேல் இருந்தது. 2019-21ல் அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2 ஆக இருந்தது 37 ஆனது. ஐந்து வருஷத்துக்குள் இவ்வளவு. நகரத்து நோய் என்று சொல்லித் தப்பிக்கும் காலம் போய்விட்டது. மலையடிவாரத்து ஊர்களிலும் வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கிறார். மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்று மகளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மா, 'நீர்க்கட்டி இருக்கு, எடையக் குறைக்கச் சொல்லுங்க' என்ற ஒரு வரியோடு திரும்பி வருகிறாள். எப்படிக் குறைப்பது என்று உட்கார்ந்து விளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் வாட்ச் வந்து நிற்கிறது. வாங்குகிறவர்களின் அன்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது.

முதலில், வாட்ச் எதை எண்ணுகிறது என்று பார்ப்போம். அதற்குக் கால் தெரியாது. உள்ளே இருக்கும் சின்னச் சில்லு கையின் ஆட்டத்தை உணர்ந்து, இப்படி ஆடினால் ஓர் அடி என்று கணக்குப் போடுகிறது. கை ஆடாமல் உடல் உழைத்தால் அதற்குத் தெரியாது. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து எதிர்காற்றில் மிதித்து வரும் ஒரு பெண்ணின் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் அசையாமல் இருக்கும். அவள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாலும் வாட்ச்சில் ஸ்டெப் ஏறியிருக்காது. இடுப்பில் குடத்தை அணைத்துப் பிடித்துத் தண்ணீர் எடுத்துவந்தால் அணைத்த கையில் கட்டிய வாட்ச்சுக்கு அது பாதி நடைதான். கபடிக்கு இறங்கினால் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இல்லையென்றால் பிடிக்க வந்தவன் முகம் கிழியும். பல பள்ளிக்கூடங்களில் ஸ்மார்ட் வாட்ச்சுக்கு அனுமதியே இல்லை. அதாவது பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பாதி அதன் கணக்கில் வராது.

நேர்மாறாக, உட்கார்ந்த இடத்திலேயே கணக்கில் ஏற்றவும் முடியும். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடி வலது கையை ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கை வலிக்குதா என்று கேட்டேன். "இல்ல சித்தப்பா, ஸ்டெப் ஏத்துதேன். அம்மா வாரதுக்குள்ள எட்டாயிரம் காட்டணும்" என்றாள். முகத்தில் குறும்பு இல்லை. பயம்தான் இருந்தது. எடை குறைய வேண்டும் என்று வாங்கிக் கொடுத்த கருவி, அந்தப் பிள்ளைக்கு அம்மாவைச் சமாளிக்கும் வேலையாகிவிட்டது.

ஸ்டெப்பாவது பரவாயில்லை. கலோரி என்று ஒரு எண் காட்டுகிறதே, அதை நம்பவே கூடாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017ல் பெயர்பெற்ற ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டி ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். இதயத்துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிசகுக்குள் சொல்லிவிட்டன. எரித்த கலோரியைச் சொல்வதிலோ, இருப்பதிலேயே நல்ல கருவி 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம். விலை கூடிய கருவிகளின் கதி இது. ஆயிரத்து இருநூறு ரூபாய் வாட்ச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொந்தமாக போன் கிடையாது என்பதால் அம்மாவின் போனில், அம்மாவின் பிறந்த தேதியோடு கணக்கைத் திறக்கிறார்கள். வயது, உயரம், எடை ஆகியவற்றையும் வைத்துத்தான் செயலி கலோரியை ஊகிக்கிறது. பதிமூன்று வயது உடம்பை நாற்பது வயது உடம்பாக எண்ணிக் கணக்குச் சொல்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் 'இன்னிக்கு முந்நூறு கலோரி போயிருக்கு, ஒரு பப்ஸ் தின்னா ஒண்ணும் ஆகாது' என்று வீட்டில் முடிவெடுக்கிறார்கள்.

இரண்டாவது படிக்கு வருவோம். சரியாக எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், எண்ணைப் பார்த்தால் பிள்ளைக்கு ஆர்வம் வரும் என்கிறார்களே?

வரும், கொஞ்ச நாளைக்கு. இங்கிலாந்தில் சார்லட் கெர்னர், விக்டோரியா குட்இயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 13, 14 வயது மாணவர்கள் நூறு பேருக்கு ஃபிட்பிட் கட்டி எட்டு வாரம் பார்த்தார்கள். ஆய்வு 2017ல் வெளியானது. முதலில் போட்டி போட்டு நடந்தார்கள். போகப்போக அலுத்துவிட்டது. எட்டு வாரம் முடிந்தபோது, உடற்பயிற்சியைத் தானாக விரும்பிச் செய்யும் மனநிலை கட்டுவதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. குற்ற உணர்ச்சியும், நண்பனைவிடக் குறைவாக இருக்கிறோமே என்ற அழுத்தமும்தான் அவர்களை நடக்க வைத்திருந்தன. நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்து இந்த முடிவை யோசித்துப் பாருங்கள். ஓட வைக்க வாங்கிய கருவி, ஓடுவதில் இருந்த ஆசையைக் குறைத்துவிட்டது.

பெரியவர்களுக்காவது நீடித்ததா? சிங்கப்பூரில் 13 நிறுவனங்களின் ஊழியர்கள் 800 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016ல் வெளியானது. சிலருக்குக் காலடி எண்ணும் கருவி மட்டும், சிலருக்குக் கருவியோடு பணப் பரிசு. பணம் கொடுத்த வரைக்கும் நடந்தார்கள். பரிசை நிறுத்தியதும் நடையும் பழைய அளவுக்கே இறங்கியது. வருஷ முடிவில் கருவியை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். எடையிலோ ரத்த அழுத்தத்திலோ முன்னேற்றம் ஏதும் இல்லை. இந்தியாவிலும் 2024ல் ஸ்மார்ட் வாட்ச் விற்பனை முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. முதல் வாட்ச்சை வாங்கியவர்கள் இரண்டாவதைத் தேடி வரவில்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே ஊரெல்லாம் சொல்லும் பத்தாயிரம் அடிக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது ஏதோ மருத்துவக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1964ல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்த கையோடு, 1965ல் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் என்பது அந்தக் கருவிக்குச் செய்த விளம்பரத்தோடு உலகமெங்கும் பரவிய எண். டோக்கியோவில் எட்டு கிலோமீட்டர் நடைபாதையைப் பார்த்துவந்துதான் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். எட்டு கிலோமீட்டர் என்பது பத்தாயிரம் அடிக் கணக்குத்தான். பெரியவர்களுக்கு அது நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் அடிக் கணக்கு எதையும் சொல்லவில்லை. 5 முதல் 17 வயது வரை சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிஷம் மூச்சு வாங்கும்படி விளையாட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலு சேர்க்கும்படி குதித்து ஏறி ஓட வேண்டும் என்றுதான் 2020ல் சொன்னது. திண்ணையில் கை ஆட்டிச் சேர்த்த எட்டாயிரத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மூன்றாவது படிதான் முக்கியமானது. நடந்தால் எடை குறையும் என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன நம்பிக்கை. கேள்வி கேட்டால் கோபம்கூட வரும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜேக்கிசிக் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வு 2016ல் வெளியானது. 18 முதல் 35 வயது வரையுள்ள, எடை அதிகமான சுமார் 470 பேர். இரண்டு வருஷம் நடந்தது. எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, ஆலோசனை எல்லாம் ஒரே மாதிரிதான். ஆறு மாதத்துக்குப் பிறகு பாதிப் பேர் கையில் கருவியைக் கட்டினார்கள். மீதிப் பேர் தங்கள் உணவையும் பயிற்சியையும் தாங்களே குறித்துவைத்தார்கள். முடிவில் கருவி கட்டாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள். கட்டியவர்கள் 3.5 கிலோதான். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பதின்வயதினர் இல்லை, இளைஞர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தானே சம்பாதித்து, தானே சமைத்து, தானே விரும்பிச் சேர்ந்த இளைஞருக்கே இதுதான் கதி என்றால், சாப்பாட்டையோ நேரத்தையோ தீர்மானிக்கும் உரிமை எதுவுமில்லாத எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் வாட்ச் என்ன சாதிக்கும்?

நாம் கொடுக்கும் கணக்கை உடம்பு அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. எக்வடார் நாட்டு அமேசான் காட்டில் ஷுவார் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நாளெல்லாம் ஓடியாடித் திரிபவர்கள். அமெரிக்கப் பிள்ளைகளையும் அவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2019ல் வந்தது. ஒரு நாளில் செலவழிக்கும் மொத்தக் கலோரி இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஓட்டத்துக்குச் செலவழித்ததை உடம்பு வேறு வேலைகளில் மிச்சம் பிடித்துச் சரிக்கட்டிவிடுகிறது. ஆகவே பிள்ளைகளின் எடையில் பெரிய பங்கு சாப்பாட்டுக்குத்தான். வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு மணி நேரம் சாதாரணமாக நடந்தால் சுமார் 200 கலோரி. டியூஷன் விட்டு வரும்போது பேக்கரியில் தின்னும் ஒரு முட்டை பப்ஸும் சின்ன பாட்டில் கலரும் அதைத் தாண்டிவிடும். தின்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

அப்படியென்றால் ஓடவே வேண்டாமா என்று கேட்பீர்கள். ஓட வேண்டும், நிறைய ஓட வேண்டும். எலும்புக்கும், இதயத்துக்கும், தூக்கத்துக்கும், மனசுக்கும் ஓட்டம் வேண்டும். சர்க்கரை நோயைத் தள்ளிப்போடவும் அதுவே உதவும். எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் இந்த நன்மைகள் எல்லாம் கிடைக்கும். என் மறுப்பின் மையமே இதுதான்: ஓடுவதை எடையோடு முடிச்சுப் போட்டதுதான் பெரிய பிழை. அந்த முடிச்சை நாள்தோறும் இறுக்கும் கருவிதான் இந்த வாட்ச். இரண்டு மாதம் ஸ்டெப் ஏற்றிய பிள்ளை தராசில் ஏறிப் பார்க்கிறது. முள் நகரவில்லை. 'இவ்வளவு நடந்தும் ஒண்ணும் ஆகல, எனக்கு வாச்சது இவ்வளவுதான்' என்று முடிவுகட்டி, நடப்பதையும் விட்டுவிடுகிறது. எடையும் குறையவில்லை, ஓட்டமும் போயிற்று. முன்னே சொன்ன பெரிய நட்டம் இதுதான்.

வளரும் வயதில் எடையைக் குறைப்பதே பல பிள்ளைகளுக்கு இலக்கு ஆகாது. உயரம் ஏறிக்கொண்டிருக்கும் உடம்பு. எடை அப்படியே நின்று உயரம் கூடினாலே போதும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லும் பிள்ளைகள் நிறைய. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் நம் பிள்ளைகளுக்கென்றே வளர்ச்சி வரைபடம் போட்டிருக்கிறது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் குண்டா இல்லையா என்றே சொல்ல முடியும். வயதுக்கு வரும் சமயத்தில் பெண் பிள்ளைகளின் உடம்பில் சதை போடுவது இயற்கை. பக்கத்து வீட்டு அத்தை 'என்னட்டி, ஊதிட்டே போற' என்றாள் என்பதற்காக நல்ல உடம்புள்ள பிள்ளைக்கும் வாட்ச் கட்டுகிறார்கள்.

மறுதரப்பில் ஆதாரம் இல்லாமல் இல்லை. லான்செட் குழுமத்தின் டிஜிட்டல் ஹெல்த் இதழில் 2022ல் வந்த பெரிய தொகுப்பாய்வு, வாட்ச் கட்டியவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடந்தார்கள், எடையும் சராசரியாக ஒரு கிலோ குறைந்தது என்கிறது. வாட்ச் ஆதரவாளர்கள் கையில் இருக்கும் வலுவான சான்று இது. ஒரு கிலோ! அதுவும் பெரும்பாலும் பெரியவர்களை வைத்த கணக்கு. அறுபத்தைந்து கிலோ பிள்ளையின் அம்மாவுக்குக் கடையில் யாரும் ஒரு கிலோ என்று சொல்லி விற்பதில்லை. பிள்ளைகளிடம் சிறு பலன் தென்பட்ட ஆய்வுகளிலும் வாட்ச்சோடு உணவு ஆலோசனை, பயிற்சியாளர், குடும்பத்தின் பங்கு என்று பலதும் சேர்ந்திருந்தன. வாட்ச்சை மட்டும் கட்டிவிட்டு நடந்த அதிசயம் எதையும் நான் காணவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2023ல் வெளியிட்ட வழிகாட்டி, பிள்ளையையும் குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்து, மூன்று முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் குறைந்தது 26 மணி நேரம் நேரில் பேசிப் பழக்க வேண்டும் என்கிறது. மருத்துவர் ஒருவரின் தொடர்ந்த கவனிப்பில், அவர் சொல்லி, ஒரு பிள்ளை காலடியை எண்ணினால் அதை நான் எதிர்க்க மாட்டேன். நம் ஊரில் நடப்பது அதுவல்ல. அந்த 26 மணி நேரத்துக்குப் பதிலாகத்தான் வாட்ச்சை விற்கிறார்கள்.

'சரி, பலன் இல்லாட்டியும் கெடுதல் ஒண்ணும் இல்லையே' என்பது கடைசி வாதம். கெடுதல் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க், நீட் மார்க், மாதத் தேர்வு ரேங்க் என்று ஏற்கெனவே எண்களால் அளக்கப்படும் பிள்ளைக்கு, உடம்பும் ஒரு மார்க் ஷீட் ஆகிறது. அம்மா அலுவலகத்திலிருந்தே போனில் பார்த்து 'ஏன் இன்னிக்கு ரெண்டாயிரம்தான் காட்டுது' என்று கேட்கிறாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அந்த எண் பேச்சுக்கு வருகிறது. அண்ணன் முன்னால், விருந்தாளி முன்னால் வருகிறது. ஸ்டெப் குறைந்த நாளில் இட்லியைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2017ல் வெளியான ஆய்வொன்று, கலோரி எண்ணுவதற்கும் உடற்பயிற்சியைக் கருவியால் அளப்பதற்கும் உணவுக் கோளாறு அறிகுறிகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. ஆனால் உடம்பைப் பார்த்து ஏற்கெனவே கூசும் பிள்ளையின் கையில் இதைக் கட்டும் முன் நூறு முறை யோசிக்க அதுவே போதும்.

இன்னொன்று, நம் பிள்ளைகளின் தூக்கமும் நடையும் இதயத்துடிப்பும் யாருடைய கணினிக்கோ போய்ச் சேர்கின்றன. நாடாளுமன்றம் 2023ல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் அவர்கள் தரவைக் கையாளக் கூடாது, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ குறிவைத்து விளம்பரம் செய்யவோ கூடாது என்பது பொது விதி. அம்மாவின் பெயரில் கணக்கைத் திறந்து பிள்ளையின் கையில் கட்டும்போது அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றிவிடுகிறோம்.

பிள்ளைகள் ஏன் ஓடுவதில்லை என்ற கேள்விக்கு வாட்ச் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது: பிள்ளைக்குச் சோம்பல். அந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன். 146 நாடுகளில் 11 முதல் 17 வயது மாணவர்களை எடுத்துப் பார்த்தால், 2016 கணக்குப்படி 81 சதவீதம் பேர் போதிய அளவு ஓடியாடுவதில்லை. ஆண்களில் 78, பெண்களில் 85. உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சோம்பேறிகளாகிவிட்டார்களா?

வாசுதேவநல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு நடுவே திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை போகிறது. கேரளாவுக்குப் போகும் லாரி இரவும் பகலும் ஓடுகிறது. ஓரமாக நடக்க இடம் விட்டுவைக்கவில்லை. அந்தச் சாலையில் சாயங்காலம் பிள்ளையை நடக்க அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் அதோடு தெருவில் ஆடிய பாண்டியும் ஓடிப்பிடித்து விளையாட்டும் நின்றது. 'எங்க தனியா போற, இருட்டப் போவுது' என்று நாமே உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறோம். அப்புறம் உள்ளே இருந்தே பத்தாயிரம் அடி நட என்கிறோம். காலையில் ஏழேகாலுக்கெல்லாம் தனியார் பள்ளி வேன் வந்துவிடுகிறது. நாலரைக்கு வீடு, ஐந்துக்கு டியூஷன், எட்டுக்குச் சாப்பாடு. மேற்கே மலை தெரிகிறது, பார்க்கத்தான் நேரமில்லை.

ஓட இருக்கிற ஒரே நேரம் பி.இ.டி. என்ற விளையாட்டுப் பீரியட். ஒன்பதாம் வகுப்பு தாண்டினால் அதைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்கின்றன. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது மேடையிலேயே ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார், விளையாட்டுப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று. அமைச்சர் வாய்விட்டுக் கேட்க வேண்டிய அளவுக்கு இது ஊரறிந்த விஷயம். வாரத்தில் இரண்டு பீரியட் மைதானத்தில் விட்டால் அங்கே யாரும் ஸ்டெப் எண்ண மாட்டார்கள். கோ-கோ ஆடும் பிள்ளை எடையை நினைத்து ஓடுவதில்லை, துரத்துகிறவள் கையில் சிக்கக் கூடாது என்று ஓடுகிறது. அப்படி ஓடிய பிள்ளைதான் மறுநாளும் ஓடும்.

சாப்பாட்டுப் பக்கம் வந்தால், பள்ளிக்கூட வாசல்தான் முதல் களம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020லேயே விதி போட்டுவிட்டது. வாசலில் நின்று பாருங்கள். பெல் அடித்ததும் பத்து ரூபாய்க் கலரும், ஐந்து ரூபாய் பாக்கெட்டும் எத்தனை அடி தூரத்தில் கிடைக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். பல கலர்களில் நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. எண்ண வேண்டிய எண் அதுதான். அதை எண்ண வேண்டிய பொறுப்பு பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இல்லை, நமக்கும் அரசாங்கத்துக்கும்தான்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. எதற்கும் பணம் அதிகம் தேவைப்படாது. கலரை வீட்டுக்குள் வாங்கி வைக்காமல் இருக்கலாம். புளியங்குடி எலுமிச்சை நமக்குத்தான் பக்கத்தில் இருக்கிறதே, சர்க்கரையைக் குறைத்து, உப்புப் போட்டுக் கொடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை பரோட்டாக் கடையிலிருந்து வாங்கும் நாள்களைக் குறைக்கலாம். பிள்ளைக்கு ஒரு தட்டு, மற்றவர்களுக்கு ஒரு தட்டு என்று பிரிக்காதீர்கள். வீடு முழுக்கச் சேர்ந்து மாறினால்தான் பிள்ளை மாறும். உடம்பைப் பற்றி விருந்தாளி ஏதாவது சொன்னால் பிள்ளையின் எதிரிலேயே மறுத்துப் பேசுங்கள். எடையில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் போய், வளர்ச்சி வரைபடத்தில் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வாட்ச்சுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு வாலிபாலும் இரண்டு ஸ்கிப்பிங் கயிறும் வரும். தெருவுக்கே போதும்.

பெரிய வேலை வீட்டுக்கு வெளியில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு கேள்வியைக் கேளுங்கள். என் பிள்ளையின் வகுப்புக்குப் போன மாதம் எத்தனை பி.இ.டி. பீரியட் உண்மையில் நடந்தது? வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் விற்பதை நிறுத்தப் பள்ளி யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது? தனியார் பள்ளியென்றால் கட்டணம் கட்டப் போகும் அன்றே முதல்வரிடம் இதே இரண்டையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு எழுதுங்கள். ஒரு தாயோ தகப்பனோ தனியாகக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். அதே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து போங்கள்.